பூச்சிக்கு மாத்திரை இருக்கு, தடுப்பூசி ஏன் இல்லை?

தேசிய குடற்புழு நீக்க நாள் அன்று நெமிலிச்சேரி அங்கன்வாடி மையம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் வரிசையாக நின்று வெள்ளை மாத்திரையைச் சப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நின்ற ஒரு அம்மா, இடுப்பில் இருந்த பிள்ளையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டார்: "நர்சம்மா, போலியோவுக்குச் சொட்டு மருந்து குடுத்தீங்க, அம்மைக்கு ஊசி போட்டீங்க. இந்தப் பூச்சிக்கு மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்திரையா? ஒரேயடியா ஒரு ஊசி போட்டு முடிச்சுவிடக் கூடாதா?"

"ஊசி வந்தா போடாம இருப்போமாம்மா? இப்போ மாத்திரையக் குடுங்க" என்று சொல்லிவிட்டு நர்சம்மா அடுத்த பிள்ளையைக் கவனிக்கப் போய்விட்டார். வரிசை நீளமாக இருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. உங்களில் பலருக்கும் இது தோன்றியிருக்கும். பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், நாம் பேசும் புழுக்கள் எவை என்று பார்த்துவிடுவோம். மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் மூன்று வகை: உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. முதல் இரண்டும் முட்டையாக நம் வாய் வழியே போகின்றன. கழுவாத கை, கழுவாத காய்கறி, மண்ணில் விளையாடிய விரல் எல்லாம் அவற்றுக்கு வழி. கொக்கிப்புழு வேறு மாதிரி. அதன் இளம்புழு ஈர மண்ணில் காத்திருந்து, வெறும் காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். ரத்தத்தில் கலந்து நுரையீரல் போய், தொண்டைக்கு ஏறி, நாம் எச்சில் விழுங்கும்போது குடலுக்கு இறங்கும். அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, வெளிறிப் போயிருக்கிறது, படிப்பில் கவனம் இல்லை என்றால், அதற்குப் பின்னால் இந்தப் புழு உண்டாக்கிய ரத்தசோகை இருக்கலாம்.

"இதெல்லாம் கிராமத்து வியாதி, நாங்க சென்னை பக்கத்துல இருக்கோம்" என்று நினைக்க வேண்டாம். வெளிவட்டச் சாலை வந்த பிறகு நெமிலிச்சேரியின் முகம் மாறிவிட்டது, உண்மைதான். ஆனால் காலி மனைகளில் மழைத்தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் இன்றும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், வெறும் காலோடு. புழுவுக்குத் தேவை ஈர மண், நிழல், மலம் கலந்த தண்ணீர். ஊர் பெரிதாகிவிட்டதா என்று அது பார்ப்பதில்லை.

ஒரு முகவரிக் கதை

தடுப்பூசி என்ன செய்கிறது? கிருமியின் உடலில் இருக்கும் ஏதாவது ஒரு புரதத்தை நம் உடலுக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறது. உடல் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களைத் தயாரித்து வைக்கிறது. உண்மையான கிருமி வரும்போது அதே புரதத்தைப் பார்த்ததும் பாய்ந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், தடுப்பூசி கொடுப்பது ஒரு முகவரி.

முகவரித் தொல்லை பற்றி நெமிலிச்சேரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருக்கும் நம்ம ஊருக்கு வர வேண்டிய பார்சல், குரோம்பேட்டை பக்கம் இருக்கும் இன்னொரு நெமிலிச்சேரிக்குப் போன கதை இங்கே எத்தனை வீட்டில் இருக்கும்! முகவரியில் 'ச்' விட்டுப்போய் 'நெமிலிசேரி' என்று எழுதியிருந்தால் ஒன்றும் ஆகாது, தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். ஆனால் பின்கோடில் ஒரே ஒரு எண் மாறினால் போதும், பார்சல் வேறு ஊருக்குப் போய்விடும்.

மரபணு வேறுபாடும் இதே போலத்தான். புரதங்களை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு மரபணுவில் எழுத்து எழுத்தாக இருக்கிறது. ஒரே வகைப் புழுக்களுக்குள்ளேயே அந்த எழுத்துகள் அங்கங்கே மாறியிருக்கும். பல மாற்றங்கள் 'ச்' விட்டுப்போனது மாதிரி, புரதத்தின் வடிவம் மாறாது. சில மாற்றங்கள் பின்கோடு மாதிரி. எதிர்ப்பொருள் வந்து ஒட்ட வேண்டிய இடமே மாறிப்போகும். ஒரு ஊர்ப் புழுவைப் பார்த்துச் செய்த தடுப்பூசி, அடுத்த ஊர்ப் புழுவை அடையாளம் தெரியாமல் விட்டுவிடலாம்.

இந்த வேறுபாடு வைரஸில் இல்லையா? இருக்கிறது. ஆனால் அளவைப் பாருங்கள். போலியோ வைரஸின் மொத்த மரபுக் குறிப்பு ஏறத்தாழ 7,500 எழுத்துகள். தட்டம்மை வைரஸ் சுமார் 16,000. நம் ஊரில் அதிகம் காணப்படும் கொக்கிப்புழுவின் மரபுத் தொகுப்பை 2014-இல் முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். 24 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள், 19,000-க்கும் அதிகமான மரபணுக்கள்! போலியோ வைரஸ் ஒரு துண்டுச்சீட்டு என்றால், புழு ஒரு நூலகம். அந்த நூலகத்தில் எந்தப் பக்கத்தைக் கிழித்து தடுப்பூசியில் வைப்பது என்பதே பெரிய வேலை.

அதோடு புழுக்களில் ஆண் உண்டு, பெண் உண்டு. குடலுக்குள் இணை சேர்ந்து முட்டையிடுகின்றன. ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். கொக்கிப்புழு சில ஆயிரம். ஒவ்வொரு முட்டையிலும் தாய், தந்தை மரபணுக்கள் புதிதாகக் கலந்திருக்கும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே மாதிரி இருக்கிறார்களா என்ன? நாளுக்கு லட்சக்கணக்கில் பிள்ளைகள் என்றால் எத்தனை விதம் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இது நம் மண்ணிலேயே பார்த்த விஷயம். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவைப் புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் மரபணு அளவில் ஆராய்ந்தார்கள். புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் எடுத்த புழுக்களே ஒன்றுபோல இல்லை. பெயர் ஒன்றுதான், இனம் ஒன்றுதான், உள்ளே எழுத்துகள் வேறு.

பன்றிக்கு வந்துவிட்டது

இவ்வளவு சொன்னதும் 'அப்போ நடக்காத காரியமா?' என்று தோன்றும். இல்லை. புழுத் தடுப்பூசி இந்தியாவிலேயே தயாராகிறது, பன்றிக்கு!

வலிப்பு நோய்க்கும் நாடாப்புழுவுக்கும் தொடர்பு உண்டு என்பது தெரியுமா? பன்றி நாடாப்புழுவின் முட்டை, மலம் கலந்த தண்ணீர் வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ நம் வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வரும் இளம்புழு மூளைக்குப் போய்க் கட்டியாக உட்கார்ந்துவிடும். வலிப்பு வரும். வேலூர் மாவட்டத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுதான் காரணம் என்று தெரியவந்தது. "நாங்க பன்றிக்கறியே தொடறதில்ல" என்பவர்களுக்கும் இது வரும். ஏனென்றால் மூளைக்குப் போவது கறியில் இருக்கும் புழு இல்லை, மனித மலத்தில் இருக்கும் முட்டை.

இந்தப் புழு பன்றியின் உடலில் வளராமல் தடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். அதற்காக ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த டி-சோல்-18 என்ற புரதத்தை வைத்து, ஹைதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம் 'சிஸ்வாக்ஸ்' என்ற தடுப்பூசியைத் தயாரிக்கிறது. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் இந்தப் புரதத் தடுப்பூசியோடு புழு மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்து பெற்ற பன்றிகளில் புழுவே பரவவில்லை.

இது ஏன் வெற்றி பெற்றது? பல காரணங்களில் ஒன்று நம் தலைப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பல நாடுகளிலிருந்து எடுத்த நாடாப்புழுக்களில் அந்த டி-சோல்-18 புரதம் அவ்வளவாக மாறவே இல்லை. பின்கோடு எல்லா ஊரிலும் ஒன்றே.

இதற்கு நேர்மாறாக, இதன் ஒன்றுவிட்ட தம்பியைப் பாருங்கள். ஆடுகளுக்கும் மனிதர்களுக்கும் ஈரலில் நீர்க்கட்டி உண்டாக்கும் இன்னொரு நாடாப்புழு இருக்கிறது. அதற்கும் அதே மெல்போர்ன் குழு இ.ஜி.95 என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. ஆடுகளில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஒட்டகத்தில் அதிகம் காணப்படும் இன்னொரு மரபணு வகைப் புழுவை எடுத்துப் பார்த்தால், எதிர்ப்பொருள் ஒட்டும் இடத்திலேயே அந்தப் புரதம் மாறியிருந்தது. செம்மறி ஆட்டுப் புழுவுக்குச் செய்தது ஒட்டகப் புழுவுக்கும் பொருந்தும் என்று நம்பி ஊசி போட முடியாது, தனியாகச் சோதித்தாக வேண்டும். தடுப்பூசி செய்வதற்கு முன்பே பல ஊர்ப் புழுக்களின் மரபணுவைப் படிக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

மனிதருக்கு ஏன் தாமதம்?

மரபணு வேறுபாடு மட்டும்தான் தடை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். தட்டம்மை ஒரு முறை வந்தால் வாழ்நாள் முழுக்கத் திரும்ப வராது. அந்த இயற்கையான பாதுகாப்பைத்தான் ஊசி நகலெடுக்கிறது. குடற்புழு அப்படி இல்லை. போன வருஷம் வந்தவருக்கே இந்த வருஷமும் வரும். நம் நோய் எதிர்ப்பு சக்தியை மந்தப்படுத்தும் வித்தையைப் புழுக்கள் பல லட்சம் வருஷமாகக் கற்று வைத்திருக்கின்றன. நகலெடுக்க இயற்கையில் ஒரு மாதிரி இல்லாதபோது, எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஏழைகளின் நோய் என்பதால் பெரிய நிறுவனங்கள் பணம் போடத் தயங்குவதும் இன்னொரு காரணம். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

முயற்சி நடக்காமல் இல்லை. கொக்கிப்புழுவின் இளம்புழு வெளியிடும் ஒரு புரதத்தை வைத்துச் செய்த தடுப்பூசியை முதலில் அமெரிக்காவில், புழுவே பார்க்காதவர்களுக்குப் போட்டார்கள். பிரச்சினை இல்லை. அடுத்து பிரேசிலில், ஏற்கெனவே புழுத்தொற்று வந்துபோன ஊர் மக்களுக்குப் போட்டபோது சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்துவிட்டது. அவர்கள் உடல் அந்தப் புரதத்தை முன்பே பார்த்து, ஒவ்வாமையை வளர்த்து வைத்திருந்தது. சோதனையை அங்கேயே நிறுத்தினார்கள். எனக்கு இந்தச் சம்பவம் முக்கியமாகப் படுகிறது. யாருக்குத் தடுப்பூசி வேண்டுமோ, அவர்களுக்குத்தான் அது ஆகவில்லை.

அதிலிருந்து பாடம் படித்து, இப்போது புழுவின் குடலுக்குள் ஒளிந்திருக்கும் புரதங்களைக் குறிவைக்கிறார்கள். புழு குடித்த ரத்தத்தைச் செரிக்க உதவும் புரதங்கள் அவை. சாதாரணமாக நம் உடல் அவற்றைப் பார்ப்பதே இல்லை. தடுப்பூசி போட்ட ஒருவரின் ரத்தத்தைப் புழு குடித்தால், அதோடு எதிர்ப்பொருளும் உள்ளே போய் அதன் செரிமானத்தையே கெடுத்துவிடும். நம் உடல் அந்தப் புரதங்களை இதுவரை துரத்தவில்லை என்பதால், தப்பிப்பதற்காக அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமும் புழுவுக்கு இருந்ததில்லை. ஊசி பரவலாக வந்தபின் நிலைமை மாறலாம், அது வேறு விஷயம்.

இந்த யோசனை ஆட்டில் பலித்திருக்கிறது. இரைப்பையில் ரத்தம் குடிக்கும் புழு வந்தால் ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துக்கொள்ளும் என்பது ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் புழுவுக்கு எதிரான 'பார்பர்வாக்ஸ்' தடுப்பூசி ஆஸ்திரேலியாவில் 2014-இல் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதைத் தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்ய முடியவில்லை. ஆட்டின் வயிற்றில் நிஜமாகவே புழு வளர்த்து, அதை எடுத்து, அதன் குடல் புரதத்தைப் பிரித்துத்தான் செய்கிறார்கள். மனிதருக்கு அப்படிச் செய்ய வழியில்லை.

வேறு சிலர், ஒரே முகவரியை நம்பாமல் பல முகவரிகளை ஒரே ஊசியில் வைக்கிறார்கள். யானைக்கால் புழுவின் மூன்று நான்கு புரதங்களை ஒன்றாக இணைத்துச் செய்யும் தடுப்பூசி ஆய்வு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்திருக்கிறது. நம்ம கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்ப மையமும் யானைக்கால் தடுப்பூசிக்கான புரதங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறது. ஒரு புரதத்தில் எழுத்து மாறியிருந்தாலும் மற்றவை கைகொடுக்கும் என்பது கணக்கு.

மாத்திரைக்கும் அதே ஆபத்து

இதுவரை படித்துவிட்டு, 'தடுப்பூசி வரும்போது வரட்டும், மாத்திரைதான் இருக்கே' என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மரபணு வேறுபாடு மாத்திரையையும் விட்டுவைப்பதில்லை.

நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல், புழுவின் உடலில் டியூபுலின் என்ற புரதத்தில் போய் ஒட்டி வேலை செய்கிறது. அந்தப் புரதத்தின் 200-ஆவது இடத்துக்கான மரபணுக் குறிப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், மருந்து ஒட்டாது. புழு பிழைத்துக்கொள்ளும். ஆடுகளில் இது நடந்து முடிந்த கதை. நீலகிரி உட்பட தமிழ்நாட்டின் சில ஆட்டுப் பண்ணைகளில் இதே குடும்பத்து மருந்துகளுக்குப் புழுக்கள் அசையாமல் போனதைக் கால்நடை மருத்துவ விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். கண் மதிப்பில் குறைந்த அளவு மருந்து ஊற்றுவது, வருஷக்கணக்கில் ஒரே மருந்தைக் கொடுப்பது இரண்டும் இந்த நிலைக்குக் கொண்டுவிடும். பலவீனமான புழு செத்துவிடும், எழுத்து மாறிய புழு மட்டும் மிஞ்சிக் குட்டி போடும். ஆடு வைத்திருப்பவர்கள் எடை பார்த்து, கால்நடை மருத்துவரைக் கேட்டு மருந்து கொடுங்கள். கால்நடை அவசர உதவிக்கு 1962-ஐ அழைக்கலாம்.

மனிதர்களின் குடற்புழுவில் இந்த மாத்திரை பரவலாகத் தோற்றுவிட்டதாக நிரூபணம் இல்லை. அதனால் பயப்பட வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். உருண்டைப்புழுவை அது நன்றாகவே வெளியேற்றும். கொக்கிப்புழுவிலும் நல்ல பலன் உண்டு. சாட்டைப்புழுவுக்கு மட்டும் ஒரு மாத்திரை அவ்வளவாகப் போதாது. ஆனால் புழுக்கள் மாறுகின்றனவா என்று கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு உங்கள் உதவி தேவை. எப்படி என்கிறீர்களா?

வேலூர் சி.எம்.சி.யின் ஆய்வுக்குழு 2017 முதல் ஜவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும், பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுப்பதற்குப் பதிலாக ஊர் முழுக்க எல்லா வயதினருக்கும் கொடுத்தால் புழு பரவுவதே நின்றுவிடுமா என்று ஆராய்ந்தது. பெனின், மலாவி நாடுகளிலும் அதே ஆய்வு நடந்தது. நம் பகுதியில் அதிகம் கிடைத்தது கொக்கிப்புழு, அதுவும் பெரியவர்களிடம் அதிகம். இது தெரிந்தது எதனால்? ஜனங்கள் கூச்சப்படாமல் மல மாதிரி கொடுத்ததால். புழுவின் மரபணுவைப் படிக்க வேண்டுமென்றாலும் அந்தச் சின்ன டப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். யானைக்கால் புழுவுக்கு இரவில் ரத்தம் எடுப்பதும் அதுபோலத்தான். அந்த இளம்புழுக்கள் ராத்திரியில்தான் ரத்த ஓட்டத்தில் சுற்றும். அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் தூங்குகிற நேரத்தில் கதவைத் தட்டுகிறார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் கொடுங்கள்.

இனி அந்த அம்மாவின் மாத்திரை விஷயம். குடற்புழு நீக்க முகாம் வருடத்தில் இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கிறது. அங்கன்வாடி, பள்ளி, துணை சுகாதார நிலையம் எங்கும் இலவசம். 1 முதல் 2 வயது வரை பாதி மாத்திரை, அதாவது 200 மில்லிகிராம். 2 முதல் 19 வயது வரை முழு மாத்திரை, 400 மில்லிகிராம். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் கொடுக்கிறார்கள், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் நீங்கலாக. சப்பிச் சாப்பிட வேண்டும். சின்னப் பிள்ளைக்குப் பொடி செய்து தண்ணீரில் கலந்து கொடுங்கள், அப்படியே விழுங்க வைத்தால் புரையேறும். வயிற்றில் புழு அதிகம் இருந்தால் லேசான வயிற்றுவலி, குமட்டல் வரலாம், தானே சரியாகிவிடும். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.

அன்று காய்ச்சலாக இருந்த பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார்கள். ஒரு வாரம் கழித்து, விடுபட்டவர்களுக்கென்றே இன்னொரு நாள் வைப்பார்கள். தேதியை உங்கள் அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது பிள்ளைக்குச் செருப்பு போட்டு அழைத்துப் போங்கள்.